ஓய்வுக்காலச் சேமிப்பும் பரலோகப் பொக்கிஷமும்: சேர்த்துவைப்பது அவிசுவாசமா?

கேள்வி: நாகர்கோவில் டீச்சர்

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

தனியார் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்து இந்தக் கல்வியாண்டின் முடிவில் ஓய்வுபெற்றேன். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து ஒரு தொகை வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. வசதி படைத்தவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. மாதச் சம்பளத்திலேயே காலம் தள்ளிய எனக்கு இவ்வளவு பணத்தை ஒருசேரப் பார்ப்பது இதுவே முதல்முறை. ஓய்வூதியமாக வருவது மருந்துச் செலவுக்கே பற்றாது என்பதால், இதன் பெரும்பகுதியை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியில் குடும்பத்தை நடத்தலாம் என்கிறார் என் கணவர். மகளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. அவளுக்குக் கொஞ்சம் நகை எடுத்துவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த நேரத்தில் கேட்ட இரண்டு பிரசங்கங்கள் என் மனதைக் கலக்கிவிட்டன. கன்வென்ஷன் கூட்டமொன்றில் பேசியவர், கைக்கு வந்த தொகையின் முதற்பலனை ஊழியத்துக்கு விதையாக விதைத்தால் கர்த்தர் அதை நூறத்தனையாகத் திருப்பித் தருவார் என்றும், வறுமையில் இருப்பவன் விதைக்கத் தெரியாதவன் என்றும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு ஆலயத்தில், பூமியிலே அல்ல, பரலோகத்திலே பொக்கிஷம் சேர்த்துவையுங்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கித்த போதகர், வங்கியில் பணம் போட்டுவைக்கிறவன் நாளையைக் குறித்துக் கவலைப்படுகிறவன், அவன் தேவனை நம்பாதவன் என்றார். ஒருவர் பணம் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்கிறார்; மற்றவர் அது அவிசுவாசத்தின் அடையாளம் என்கிறார். இரண்டு பேரும் வசனத்தை எடுத்துக்காட்டித்தான் பேசினார்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். எங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். வயலும் ஒரு வீட்டுமனையும் தம்பியின் அனுபவத்தில் இருக்கின்றன. நான் இதுவரை என் பங்கைக் கேட்டதில்லை. கிறிஸ்தவப் பெண்ணாகிய நான் அதைக் கேட்பது பொருளாசை ஆகுமா? வேதத்தை நிதானமாகப் படித்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: கிராமத்துப் போதகர்

அன்பான சகோதரி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டவற்றுள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் ஆண்டவரிடமும் ஒருவர் அதையேதான் கேட்டார். லூக்கா 12-இல், கூட்டத்தில் இருந்த ஒருவன், ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று வந்து நிற்கிறான். "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்று அவர் அதை ஏற்க மறுத்துவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லி, ஐசுவரியவானின் களஞ்சிய உவமையைச் சொல்கிறார். பங்கு கேட்பதற்கு முன், தம்பியோடுள்ள உறவா நிலமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள் என்பதே இதில் நான் சொல்லத் துணியும் ஆலோசனை.

இப்போது அந்த உவமையைக் கவனியுங்கள். அந்த மனுஷன் செய்த குற்றம்தான் என்ன? அவன் திருடவில்லை. கூலியைப் பிடித்துவைத்தான் என்றும் சொல்லப்படவில்லை. நிலம் நன்றாய் விளைந்தது, வைக்க இடமில்லை, பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். இதை மட்டும் பார்த்தால் இன்றைக்கு நாம் அவனைத் திறமையான விவசாயி என்போம். தானியத்தைச் சேர்த்துவைத்ததே குற்றமென்றால், ஆதியாகமம் 41-இல் செழிப்பான ஏழு வருஷங்களில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைப் பட்டணங்கள்தோறும் சேர்த்துவைத்த யோசேப்பும் குற்றவாளிதான். ஆனால் அந்தக் களஞ்சியங்கள் பஞ்சகாலத்தில் திறக்கப்பட்டன. எகிப்தியரும், யோசேப்பை விற்றுப்போட்ட சகோதரரும் அதனால் பிழைத்தார்கள். (அவர் அதை இலவசமாகக் கொடுக்கவில்லை, விலைக்கே கொடுத்தார் என்பதையும், 47-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் நிலத்தை இழந்து பார்வோனுக்கு அடிமைகளானார்கள் என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை, அது தனியே பேச வேண்டிய விஷயம்.) லூக்காவில் வரும் ஐசுவரியவானோ தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசுகிறான். அவன் திட்டத்தில் மனைவி மக்கள் இல்லை, அயலான் இல்லை, அவன் வயலை அறுத்தவர்கள்கூட இல்லை. "நீ இளைப்பாறி, புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு" என்பதோடு அவனுடைய வரவுசெலவுத் திட்டம் முடிந்துவிடுகிறது. இந்த இராத்திரியிலேயே உன் ஆத்துமா எடுத்துக்கொள்ளப்படும் என்று தேவன் அவனிடம் சொல்கிறார். "தனக்காகவே" சேர்த்துவைக்கிறவன் இப்படியே இருக்கிறான் என்று ஆண்டவர் முடித்ததும் அதனால்தான்.

அப்படியானால் பரலோகத்திலே பொக்கிஷம் சேர்ப்பது என்பது என்ன? பலர் இதை ஜெபம், உபவாசம், ஆலயத்துக்குத் தவறாமல் போவது என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். அதே அதிகாரத்தின் 33-ஆம் வசனம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகிறது: "உங்களுக்கு உள்ளவைகளை விற்றுப் பிச்சைகொடுங்கள், பழமையாய்ப் போகாத பணப்பைகளையும் குறையாத பொக்கிஷத்தையும் பரலோகத்திலே உங்களுக்குச் சம்பாதித்துவையுங்கள்." இல்லாதவனுக்காக நம் கையைவிட்டுப் போனதே அங்கே சேர்கிறது. மலைப்பிரசங்கத்திலும் ஆண்டவர், வலதுகை செய்வதை இடதுகை அறியாதபடி தருமம் செய்யச் சொல்லிவிட்டே பொக்கிஷத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்ற வசனத்தை நாம் பெரும்பாலும் தலைகீழாகவே படிக்கிறோம். இருதயம் சரியானால் பணம் தானாகச் சரியான இடத்துக்குப் போகும் என்று நினைத்து, அந்த இருதயம் வரும்வரைக்கும் காத்திருக்கிறோம். ஆண்டவர் சொன்னது வேறு: பணம் முன்னே போகிறது, இருதயம் பின்னே போகிறது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் பெயர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைக்குத் தேர்வு முடிவு வரும் நாளில் இவருக்கும் தூக்கம் வராது.

வங்கியில் போடுவது அவிசுவாசம் என்று பிரசங்கித்தவரோடு மரியாதையோடே மாறுபடுகிறேன். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்பது கவலையைக் குறித்த கட்டளை; கோடைகாலத்தில் ஆகாரத்தைச் சேர்க்கும் எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்கிற நீதிமொழிகளும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டுக் கைகழுவுகிறவர்களை ஆண்டவர் மாற்கு 7-இல் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். வயதான காலத்தில் நீங்களும் உங்கள் கணவரும் மகளுக்குப் பாரமாகாமல் இருக்க ஏற்பாடு செய்வது அந்தக் கண்டனத்துக்குள் வராது. வட்டியைப் பற்றியும் ஒரு வரி: லேவியராகமம் 25 தடைசெய்வது தரித்திரப்பட்ட சகோதரனிடத்தில் வாங்கும் வட்டியை. அஞ்சலக வைப்பு அதில் சேராது. பக்கத்து வீட்டுக்காரியின் கம்மலை அடகாக வாங்கிக்கொண்டு மாதவட்டிக்கு விடுவது நிச்சயமாகச் சேரும். நம் சபைகளில் ஞாயிறுதோறும் நற்கருணை எடுப்பவர்களே அதைச் செய்கிறார்கள் என்பது வெளிப்படையான சங்கதி.

பதில்: சாத்தான்குளம் கடைக்காரர்

டீச்சர் அம்மா அவர்களுக்கு வணக்கம். போதகர் ஐயா தொடாமல் விட்ட "விதைப்பு" பிரசங்கத்தைப் பற்றி, வியாபாரியாகிய நான் சொல்கிறேன். லாபம் எதிர்பார்த்துப் போடும் பணத்துக்கு எங்கள் பக்கத்தில் முதலீடு என்று பெயர். அதைக் காணிக்கை என்று யாரும் சொல்வதில்லை.

நூறத்தனை என்ற வாக்குத்தத்தம் மாற்கு 10:30-இல் இருக்கிறது. ஆனால் அதே வசனத்தில் "துன்பங்களோடுங்கூட" என்றும் இருக்கிறது. அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. மேலும் அது சொல்லப்பட்ட இடத்தைப் பாருங்கள். ஆஸ்தியை விட மனமில்லாத பணக்காரன் துக்கத்தோடே போனபின், எல்லாவற்றையும் விட்டுவந்த சீஷர்களுக்கு அது சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவரும் நூறு வீடுகளுக்குச் சொந்தக்காரராகச் சாகவில்லை. "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்பது 2 கொரிந்தியர் 9-இல் வருகிறது. எருசலேமில் வாடிய ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் திரட்டியபோது எழுதியது. பணம் ஏழைகளுக்குப் போனது. அதைக் கொண்டுபோகும்போது யாரும் குற்றஞ்சாட்டாதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடவே அனுப்புகிறேன் என்று 8-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருக்கிறார். கணக்குக் காட்டாத ஊழியத்துக்கு அந்த வசனத்தைச் சொல்லிப் பணம் கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

பணத்தை எப்படிக் கையாள்வது என்று எனக்குப் புரியவைத்தவர் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பிரசங்கி ஜான் வெஸ்லி. முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை மிச்சப்படுத்து, முடிந்தவரை கொடு என்று அவர் பிரசங்கித்தார். முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டவன் முன்னைவிடக் கெட்டுப்போவான் என்பதும் அவர் எண்ணம். சம்பாதிப்பதற்கும் நிபந்தனை உண்டு: உடல்நலத்தைக் கெடுத்தோ, அயலானைக் கெடுத்தோ சம்பாதிக்கக் கூடாது, அடகுக்கடையையும் சாராய வியாபாரத்தையும் பெயர் சொல்லியே கண்டித்தார். ஆக்ஸ்போர்டில் இருந்த ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது அவரேதான் என்பது பொதுவான கருத்து. அவருக்கு முதல் வருஷம் 30 பவுன் (இங்கிலாந்துப் பணம்) வருமானம். 28-இல் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அதே 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. வருமானம் நான்கு மடங்கானபோதும் வீட்டுச் செலவு நகரவில்லை. 1776-இல் வரி அதிகாரிகள், உம்மைப் போன்ற பிரபலமானவர் வெள்ளிப் பாத்திரங்களை மறைத்துவைத்திருப்பீர் என்று சந்தேகப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். லண்டனில் இரண்டு வெள்ளிக் கரண்டியும் பிரிஸ்டலில் இரண்டும் இருக்கின்றன, என்னைச் சுற்றி இத்தனை பேர் அப்பமில்லாமல் இருக்கும்போது இதற்குமேல் வாங்கமாட்டேன் என்று அவர் பதில் எழுதினார்.

வெஸ்லிக்குப் பிள்ளைகள் இல்லை, நமக்கு உண்டு. அவருடைய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் "எனக்குப் போதுமானது இவ்வளவு" என்று பணம் வருவதற்கு முன்பே எழுதிவைத்தவனால்தான் வந்தபின் கொடுக்க முடியும். முதலில் செலவு, பிறகு சேமிப்பு, மிச்சமிருந்தால் தருமம் என்று கணக்கெழுதும் வீட்டில் மிச்சம் இருந்ததே கிடையாது.

பதில்: கூலிக்காரன் பேரன்

இதுவரை எழுதிய மூவரும் பணம் இருப்பவர்களின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். என் தாத்தா, பாட்டி இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர்களுக்கும் "பூமியிலே பொக்கிஷம் சேர்க்க வேண்டாம்" என்றுதான் பிரசங்கிக்கப்பட்டது. அந்த வயலின் சொந்தக்காரரும் அதே ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சேர்க்க ஒன்றுமில்லாதவனிடம் சேர்க்காதே என்று சொல்வதில் என்ன சுவிசேஷம் இருக்கிறது? யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தையும் அன்றைக்கு வாசித்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும். பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்தது என்று ஐசுவரியவான்களிடம் சொன்ன கையோடு, "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்கிறார் யாக்கோபு. துரு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் சொல்லும் காரணம் அது. சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். தருமத்துக்கு முன்னே திருப்பிக் கொடுத்தல் என்று ஒன்று இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பாட்டிக்குத் துரோகம் செய்தவனாவேன். உலை வைக்க அரிசி அளக்கும்போது, களைவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த தனிக் கலயத்தில் போடுவார். அரைப்படி அரிசி பொங்குகிற நாளிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அது பிடியரிசிக் காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் கொட்டப்படும். சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து கிடப்பதை ஏலம் எடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் பக்கத்துத் திருச்சபைகள் வெள்ளைக்காரர் பணத்தாலேயே வளர்ந்தன என்று நினைப்பவர்கள், 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது நம் ஜனங்களே தங்கள் காணிக்கையால் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்கு மிஷனரி அனுப்பினார்கள் என்பதைப் படித்துப் பார்க்கலாம். அந்தக் காணிக்கைகளில் என் பாட்டியைப் போன்றவர்களின் பிடியும் உண்டு. அந்தப் பிடிக்குப் பதிலாக அவருக்கு நூறு பிடி வந்ததில்லை. அவர் எதிர்பார்த்ததும் இல்லை.

பதில்: வடக்கன்குளம் வாசகி

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். உங்கள் உரையாடலில் கலந்துகொள்வதைத் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

போதகர் ஐயா சொன்ன விளக்கம் எனக்கும் ஏற்புடையதே. ஆனால் அது நம்மைச் சற்று அதிகமாக ஆறுதல்படுத்திவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னார். "எருசலேமில் ஊசியின் காது என்றொரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டால் அதில் நுழைந்துவிடும்" என்ற விளக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த கதை அது. சீடர்கள் இயேசு சொன்னதைக் கேட்டு மிகவும் திகைத்துப்போனார்கள் என்று நற்செய்தியே சொல்கிறது. மண்டியிட்டால் போதும் என்றால் அவர்கள் ஏன் திகைக்க வேண்டும்? பணக்காரர்களுக்காகத் திருவசனத்தின் கூர்மையை மழுக்குவது பழைய பழக்கம்.

தொடக்கத் திருச்சபையின் தந்தையர் மழுக்கவில்லை. செசரியாவின் ஆயரான புனித பசிலியார், நான்காம் நூற்றாண்டில், போதகர் ஐயா எடுத்துக்காட்டிய அதே களஞ்சிய உவமையைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறார். நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் மடித்துவைத்திருக்கும் ஆடை ஆடையில்லாதவனுடையது, உன் வீட்டில் மக்கிப்போகும் செருப்பு செருப்பில்லாதவனுடையது என்பது அதன் சாரம். கப்பதோக்கியாவில் பஞ்சம் வந்தபோது பணக்காரர்களின் களஞ்சியங்களைத் திறக்கவைத்து, பசித்தவர்களுக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறியவர் அவர். அந்தியோக்கியாவில் புனித கிறிசோஸ்தோம், செல்வந்தனும் இலாசரும் பற்றிய உவமையை விளக்கியபோது, தன் உடைமையை ஏழையோடு பகிராமல் இருப்பதே திருட்டு என்றார். இவர்கள் கணக்கில் தருமம் என்பது மனமிருந்தால் செய்யும் உபகாரம் அன்று. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். கூலிக்காரன் பேரன் ஐயா எழுதியதற்கு இவ்வளவு பழமையான துணை இருக்கிறது.

எகிப்து நாட்டுப் புனித வனத்து அந்தோணியாரின் வரலாறு டீச்சருக்குப் பயன்படலாம். பெற்றோர் இறந்தபின், ஏறக்குறைய 300 அரூரா (பழைய எகிப்திய நில அளவு) விளைநிலமும் ஒரு தங்கையும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. உனக்கு உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற வாசகத்தை ஆலயத்தில் கேட்டவுடன் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் தங்கைக்கென்று கொஞ்சம் பணத்தை எடுத்துவைத்தார். பின்பு, நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்ற வாசகத்தைக் கேட்டு அதையும் கொடுத்துவிட்டு, தங்கையை இறைவனுக்கு அர்ப்பணித்து வாழ்ந்த கன்னியர்களிடம் ஒப்படைத்தார். இதை வாசிக்கும்போதெல்லாம், அந்தத் தங்கையிடம் யாராவது கேட்டார்களா என்று என் மனம் கேட்கும். புனிதர்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் மகளின் பெயரால் நீங்களும் கணவரும் முடிவெடுக்கும்போது அவளும் உடனிருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நகை வேண்டுமா, அந்தப் பணத்தில் மேற்படிப்பு வேண்டுமா, எதுவும் வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். நகை கேட்கிற மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றித் தனியாகவே ஒரு விவாதம் நடத்தலாம்.

பங்கு கேட்பதைப் பற்றிப் போதகர் ஐயா சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உறவா நிலமா என்ற கேள்வி சகோதரிகளிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. வயலை அனுபவிக்கும் தம்பியிடம் யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கை நூலின் (நீங்கள் எண்ணாகமம் என்பீர்கள்) 27-ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன்பாகவும் முழுச் சபையின் முன்பாகவும் நின்று தந்தையின் உரிமைச் சொத்தில் பங்கு கேட்டபோது, அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் சொன்னார். நாகர்கோவில் பழைய திருவிதாங்கூர் நாடு. அங்கிருந்த கிறிஸ்தவர் வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். மேரி ராய் தொடுத்த வழக்கில், 1951-லிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கும் பொருந்தும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அந்த உரிமையைக் கேட்பது பொருளாசை என்றால், கொடுக்காமல் வைத்திருப்பதற்கு என்ன பெயர்? வாங்கியபின் அதை ஏழைகளுக்குக் கொடுப்பதோ தம்பிக்கே விட்டுக்கொடுப்பதோ உங்கள் விருப்பம். கையில் இல்லாததை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

கேள்வி கேட்டவர்: நாகர்கோவில் டீச்சர்

அனைவருக்கும் நன்றி. மகளிடம் பேசினேன். நகையில் பாதி போதும், மீதியை என்ன செய்வதென்று மூவரும் சேர்ந்து யோசிக்கலாம் என்றாள். தம்பியிடம் போனில் பேசாமல் நேரில் போய்ப் பேசுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். கணவர் உடன் வருகிறார்.

நடைமுறையில் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. சம்பளம் வாங்கிய காலமெல்லாம் பிடித்தம் போக வருவதற்கு அல்லாமல் முழுச் சம்பளத்துக்கே தசமபாகம் கொடுத்துவந்தேன். இப்போது வந்திருக்கும் வைப்பு நிதிக்கு மறுபடியும் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டுமா? ஆலயத்தில் கேட்டால் முழுத் தொகைக்கும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: சாத்தான்குளம் கடைக்காரர்

வைப்பு நிதியின் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள், டீச்சர் அம்மா. உங்கள் சம்பளத்தில் பிடித்த பங்கு ஒரு பத்தியிலும், நிர்வாகம் செலுத்திய பங்கு இன்னொரு பத்தியிலும், ஓய்வூதியத்துக்குப் போனது மூன்றாவது பத்தியிலும் இருக்கும். வட்டியை வருஷக் கடைசியில் தனியாகக் காட்டியிருப்பார்கள். முதல் பத்தியில் இருப்பதற்கு நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். நிர்வாகத்தின் பங்கும் வட்டியும் பணிக்கொடையும் உங்களுக்குப் புதிய வருமானம். எங்கள் வீட்டில் இப்படித்தான் கணக்கெழுதுவோம். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அஞ்சலக வட்டிக்கும் அப்படியே.

பதில்: கிராமத்துப் போதகர்

வடக்கன்குளம் சகோதரி எழுதியதைப் படித்தேன். எண்ணாகமம் 27-ஐ நானும் லூக்காவோடு சேர்த்து வைத்துப் படித்திருக்க வேண்டிய இடம் அது. இனி அப்படியே சொல்வேன்.

கடைக்காரர் சொன்ன கணக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்கு எந்த அப்போஸ்தலரும் பத்தில் ஒன்று என்று விதிக்கவில்லை. அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன் என்றே பவுல் எழுதுகிறார். ஆண்டவரும் மத்தேயு 23-இல், ஒற்தலாமுக்கும் (புதினா) வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டவர்களைக் கடிந்துகொண்டார். இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. ஆகவே பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தப் பத்தில் ஒன்று முழுவதும் ஆலயத்துக்கே வரவேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்களோடு பள்ளியில் ஆயாவாக வேலை பார்த்து, வைப்பு நிதியே பிடிக்கப்படாமல் வீட்டுக்குப் போன யாராவது இருப்பார்கள். ஒரு பங்கைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். ரசீது கிடைக்காது.